1939 ஸ்பீட்வே (வட்டமான மண் தடத்தில் ஓட்டும் மோட்டார் பைக் பந்தயம்) உலகப் போட்டியில் இறுதிச் சுற்று நடக்கவில்லையே, அந்த வருட சாம்பியன் என்று யாரைச் சொல்வது?

யாரையும் சொல்ல முடியாது. ஏதோ வினாடி வினாவுக்குப் பட்டியல் போடுகிறீர்கள், அந்த ஒரு கட்டம் காலியாக நிற்பது உறுத்துகிறது என்று நினைக்கிறேன். காலியாகவே விடுங்கள்.

இறுதிப் போட்டி லண்டன் வெம்ப்ளியில் செப்டம்பர் 7, வியாழக்கிழமை நடப்பதாக இருந்தது. 3-ஆம் தேதி ஞாயிறன்று பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. கூட்டம் கூடும் இடங்களை எல்லாம் அரசு மூடச் சொன்னதும் கதை முடிந்தது. திரும்ப உலகப் போட்டி நடக்க 1949 ஆகிவிட்டது, அதே வெம்ப்ளியில் டாமி பிரைஸ் ஜெயித்தார். 1938 சாம்பியன் புளூயி வில்கின்சன் அதையெல்லாம் பார்க்கவே இல்லை, 1940-இல் சிட்னியில் சாலை விபத்தில் போய்விட்டார். பிரேக் இல்லாத பைக்கில் அத்தனை வருடம் ஓட்டிய மனிதர்!

"முந்தைய சுற்றுகளில் வாங்கிய போனஸ் புள்ளிகள் இருக்கின்றனவே, அதில் முன்னால் இருந்தவருக்குக் கொடுத்தால் என்ன" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அவர்கள் 1936 உலகப் போட்டியைப் பார்க்கட்டும். போனஸ் அப்போதும் உண்டு, இறுதி நாள் புள்ளிகளோடு அதையும் கூட்டித்தான் மொத்தம். இறுதி நாளில் வில்கின்சன் தன் ஐந்து ஓட்டத்தையும் ஜெயித்தார், ஆனாலும் கொண்டு வந்த போனஸ் குறைவு என்பதால் மூன்றாம் இடம்தான். லயனல் வான் பிராக், எரிக் லாங்டன் என்ற இரண்டு வீரர்களும் மொத்தத்தில் சமமாக நின்று, தனியாக ஒரு ஓட்டம் வைத்துத்தான் வான் பிராக் சாம்பியன் ஆனார். போனஸ் கணக்கு முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி ஓட்டாமல் இதை யார் தீர்த்திருப்பார்கள்?

இவ்வளவு சூடாக எழுதக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் எங்கள் பக்கம் ஒரு வாலிபால் லீக். லீக் ஆட்டங்கள் முடிந்து நாங்கள் இரண்டாம் இடம், இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை என்று போஸ்டர் எல்லாம் ஒட்டியாகிவிட்டது. ஊரடங்கு வந்தது, சரி, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் சில மாதம் கழித்து நடத்தியவர்கள் யாரிடமும் கேட்காமல், முதலிடத்தில் இருந்த அணியைக் கூப்பிட்டுக் கோப்பையைக் கொடுத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அந்த அணியில் செட்டராக ஆடியவன் என் தாய்மாமா பையன், அவனே "இது என்னடா கூத்து" என்று எனக்குப் போன் பண்ணினான். லீக்கில் எங்களை அவர்கள் ஜெயித்தது உண்மை. அன்று எங்கள் முக்கிய அடிப்பவன் கணுக்காலில் கட்டோடு வெளியே உட்கார்ந்திருந்தான், இறுதி ஆட்டத்துக்கு அவன் தயார். "தோற்றவன் புலம்பல்" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: நாங்கள் தோற்கவில்லை, ஆடவே இல்லை. தோற்றிருந்தால் கைகொடுத்துவிட்டு வந்திருப்போம்.

இதை விடுங்கள், நுழைவுக் கட்டணம் என்று ஒவ்வொரு அணியிடமும் வாங்கினார்களே, அது என்ன ஆனது? பரிசுத் தொகையும் கொடுக்கவில்லை, கோப்பை மட்டும்தான். கணக்கு கேட்டால் பந்து வாங்கினோம், வலை வாங்கினோம் என்கிறார்கள். அந்த வலை நடுவில் கிழிந்து, நாங்கள்தான் மீன் வலைக் கயிறு வைத்துக் கட்டி ஆடினோம்.