காசு வாங்காமல் வழி சொல்லும் மெக்கானிக்கை எப்படிக் கௌரவிப்பது?

கேள்வி: திருகோணமலை, திருக்கடலூரில் கடற்றொழிலாளரும் படகு எஞ்சின் திருத்துவோரும் ஒரு வட்டமாக இயங்குகிறோம். எவருடைய எஞ்சின் பழுதானாலும் மூன்று நான்கு பேர் காசு வாங்காமல் போனிலேயே வழி சொல்கிறார்கள். வாடைக்காலத்தில் விழா வைத்து, அதிகம் பதில் சொன்னவருக்கு 25,000 ரூபாய் பரிசு என்று இப்போதே அறிவிக்க எண்ணியிருக்கிறோம். சரிவருமா?

பதில்: கௌரவியுங்கள், கட்டாயம் செய்யவேண்டிய காரியம். ஆனால் எண்ணிக் கொடுக்காதீர்கள், முன்கூட்டி அறிவிக்கவும் வேண்டாம்.

"எஞ்சின் தண்ணி பீச்சுதில்ல" என்று ஒருவர் கேட்கிறார். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் வெளியே வரவில்லை என்று அர்த்தம். எண்ணிக்கைக்கு ஓடுபவர் "இம்பெல்லர் போயிற்று, மாத்துங்கோ" என்று, தண்ணீரை இழுத்துத் தள்ளும் சின்னச் சக்கரத்தின் மேல் பழியைப் போட்டு முடித்துவிடுவார். கை தேர்ந்தவர் முதலில் எஞ்சினை நிறுத்தச் சொல்வார். சூடேறினால் பிஸ்டன் இறுகிவிடும். பிறகு கேட்பார்: தண்ணீர் இழுக்கும் வாயில் பொலித்தீன் சிக்கியிருக்கா? பீச்சும் துவாரத்தை உப்பு அடைத்திருக்கா, மெல்லிய கம்பி விட்டுப் பார்த்தீர்களா? இம்பெல்லர் பேச்சு அதற்குப் பிறகுதான். இந்தப் பொறுமை ஒரு எஞ்சினையே காப்பாற்றும். உங்கள் பட்டியலிலோ இரண்டு பதிலும் ஒன்று ஒன்றாகத்தான் விழும்.

முன்கூட்டிச் சொன்ன பரிசு விருப்பத்தையே தேய்க்கும். 1973இல் வெளியான ஸ்டான்ஃபர்ட் ஆய்வொன்றில், பரிசு தருவோம் என்று சொல்லிப் படம் வரையவைத்த சிறுவர்கள் பின்னர் தாமாக வரைவது குறைந்தது. சொல்லாமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. 2012இல் வெளியான இன்னோர் ஆய்வில், விக்கிப்பீடியாவில் அதிகம் உழைக்கும் தொகுப்பாளர்கள் சிலருக்கு எதிர்பாராமல் ஒரு நட்சத்திரப் பதக்கப் படம் மட்டும் வழங்கினார்கள், காசு இல்லை. பெறாதவர்களைவிட அவர்களது பங்களிப்பு அடுத்த 90 நாட்களில் 60 சதவீதம் கூடியிருந்தது.

ஆகவே விழாவில் பொன்னாடையைவிட, அவர் செய்ததைச் சரியாகச் சொல்லுங்கள். எந்தப் பழுது, யாருடைய படகு, என்ன வழி சொன்னார் என்று, அவரால் எஞ்சின் தப்பியவரே எழுந்து சொல்லட்டும். பிரதம விருந்தினரின் உரை அந்த நேரத்தை விழுங்கிவிடக் கூடாது. மேடை பிடிக்காதவர்களும் உண்டு. அவர்களை முதலே கேளுங்கள். சொன்ன வழிகளை எழுதி, அவரவர் பெயரோடு வட்டத்தில் வைத்திருங்கள். ஒரே கேள்விக்கு அவர்கள் நடுச்சாமத்திலும் போன் எடுக்கும் தொல்லை அதனால் குறையும். இதைத்தான் நான் பெரிய மரியாதை என்பேன்.

அந்தக் குறிப்புகளை வைத்து ஒரு கடிதமும் கொடுங்கள். பள்ளிக்கூடச் சான்றிதழ் இல்லாமல் அனுபவத்தால் தொழில் கற்றவர்கள், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்குத் தோற்றி என்விகியூ எனப்படும் தேசிய தொழிற் தகைமை பெற இலங்கையில் வழி இருக்கிறது. நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் அலுவலகத்தில் விசாரிக்கலாம். செய்த வேலைக்கு ஆதாரம் காட்டும்போது உங்கள் கடிதம் கைகொடுக்கும்.

25,000 ரூபாயை அவர்களுடைய போன் ரீலோடுக்கும், எல்லோரும் எடுத்துப் பாவிக்க மின்சாரம் அளக்கும் ஒரு மல்டிமீட்டருக்கும் எஞ்சின் சிலிண்டரின் அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் கேஜுக்கும் செலவழியுங்கள்.