ஸ்வாத் வானொலி: விரும்பிக் கேட்டார்களா, பயந்து கேட்டார்களா?

கேள்வி: இதழியல் முதுகலை படிக்கிறேன். பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் தாலிபான் நடத்திய எஃப்.எம். வானொலி பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். மக்கள் அதை விரும்பிக் கேட்டார்களா, பயந்து கேட்டார்களா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இரண்டும்தான், ஆனால் வேறு வேறு காலத்தில். எனவே முதலில் ஆண்டுவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஸ்வாத் தாலிபான் தலைவர் மௌலானா ஃபஸ்லுல்லா, ஸ்வாத்தின் பெரிய நகரமான மிங்கோராவுக்கு அருகே இமாம் தேரி கிராமத்திலிருந்து உரிமம் இல்லாமல் ஒலிபரப்பத் தொடங்கியபோது பேச்சில் மிரட்டல் இல்லை. தொழுங்கள், குர்ஆன் ஓதுங்கள், புகைப்பதை விடுங்கள் என்று எளிய பஷ்தூவில் பேசினார். பல வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில் வேலை பார்த்தார்கள். வீட்டிலிருந்த பெண்களைப் பார்த்தே அவர் பேசினார். மதரஸா கட்ட வளையலையும் கம்மலையும் கழற்றிக் கொடுத்தவர்கள் உண்டு.

பேச்சுத்திறமை மட்டும் காரணமில்லை. ஸ்வாத் 1969 வரை தனி சமஸ்தானம். 'வாலி' எனப்பட்ட அதன் மன்னரின் ஆட்சியில் வழக்குகள் சட்டென்று முடிந்த நினைவு பெரியவர்களுக்கு இருந்தது. பாகிஸ்தான் நீதிமன்றங்களிலோ வருடக்கணக்கில் இழுத்தடிப்பு. 'ஷரியா வந்தால் உடனே நீதி' என்ற வாக்குறுதி எடுபடாமல் என்ன செய்யும்? அப்புறம் 2005 அக்டோபர் நிலநடுக்கம் வந்தது. பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார். பாவம் என்று அவர் சொன்ன டிவியும் சிடியும் தெருவில் எரிந்தன.

நீங்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது, அவர் பெயர் வாசித்த விதத்தை. பள்ளிக்குப் போவதை நிறுத்திய சிறுமிகளைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். நம் தெருப் பெண்ணின் பெயர் வானொலியில் வந்தால் யார்தான் காது கொடுக்க மாட்டார்கள்! பின்னாளில் அதே ஒலிபரப்பில் எதிரிகளின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. 2009 ஜனவரி 15-க்குப் பிறகு பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போகக் கூடாது என்ற உத்தரவும் வானொலியில்தான் வந்தது. அந்தக் கட்டத்தில் வெறுத்தவர்களும் தவறாமல் கேட்டார்கள். இன்று யார் பெயர் வந்தது என்று தெரியாமல் எப்படித் தூங்குவது? ஆகவே கேட்டவர்களின் எண்ணிக்கையை ஆதரவின் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யார், எந்த வருடம், என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. தாலிபான்களுக்கு எதிராகப் பாகிஸ்தான் இராணுவம் 2009-இல் எடுத்த நடவடிக்கைக்குப் பின் எடுத்த பேட்டிகளில், நகை கொடுத்ததை எல்லோரும் மனம் திறந்து சொல்லியிருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். 2007-க்கு முந்தைய பெஷாவர் செய்தித்தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எழுதுங்கள்.