அம்மாவின் திடீர் குழப்பம்: காப்பக முடிவு இப்போது வேண்டாம்

அம்மாவை முதியோர் காப்பகத்தில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த முடிவைத் தள்ளிவையுங்கள். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். போன வாரம்வரை வரவு செலவு பார்த்த 78 வயது அம்மா, மூன்றே நாளில் ஆளை மாற்றிச் சொல்கிறார், இரவெல்லாம் உளறுகிறார் என்கிறீர்கள். மறதிநோய் பொதுவாக இவ்வளவு வேகமாக வராது, மாதக்கணக்கில் மெல்ல ஏறும். இது டெலிரியமாக, அதாவது உடல்நலக் கோளாறாலோ மருந்தாலோ திடீரென வரும் மனக்குழப்பமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காரணத்தைச் சரிசெய்தால் பலரும் தெளிந்துவிடுவார்கள், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும்.

சளிக்கு மாத்திரை கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்களே, என் சந்தேகம் அதன்மேல்தான். குளோர்பெனிரமின் போன்ற, தூக்கம் வரவைக்கும் பழைய வகை மருந்துகள் வயதானவர்களைக் குழப்பிவிடும். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கலும் காரணமாகலாம். காய்ச்சல் இல்லை என்பதால் தொற்று இல்லை என்று நினைக்க வேண்டாம்.

1. மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். எது எப்போது தொடங்கியது என்று எழுதிக்கொள்ளுங்கள்.
2. சிறுநீர்ப் பரிசோதனை, இரத்தத்தில் உப்பு, சர்க்கரை அளவு பார்க்கும் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.
3. அதுவரை கண்ணாடி, காதுக்கருவி போட்டிருக்கட்டும். இரவில் பழகிய ஒருவர் பக்கத்தில் இருங்கள்.

நெடுநாள் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். வாய் கோணுவது, ஒரு கை தளர்வது, எழுப்பினாலும் எழாதது, அண்மையில் தலையில் அடி, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுதான்.