பிகாச்சுவின் உடலில் மின்சாரம்: கேள்விகளும் பதில்களும்

1996 பெப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்த போக்கிமோன் என்ற வீடியோ விளையாட்டில் தோன்றிய கற்பனைப் பிராணி பிகாச்சு. அதன் உடலமைப்பையும் நடத்தையையும் பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து மாணவர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு, உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில் விடை எழுதுகிறேன். கற்பனைதானே என்று தள்ளிவிடாமல், விளையாட்டின் குறிப்புகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு, உண்மை உயிரினங்களோடு வைத்துப் பார்த்திருக்கிறேன். ஓர் உடல் மின்சாரத்தைச் சுமப்பதற்கு என்னவெல்லாம் வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கும்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி, தரம் 12 மாணவி): ஐயா, பிகாச்சு எலியா, அணிலா?

பதில்: விளையாட்டின் வகைப்படுத்தலில் அது எலிதான். உயரம் 0.4 மீற்றர், நிறை 6 கிலோகிராம். வளவுகளில் வளை தோண்டும் நம் பெருச்சாளி ஒரு கிலோவைத் தாண்டினாலே பெரிது. ஆனால் பிகாச்சுவை வரைந்த அற்சுக்கோ நிஷிடா, அணில்களில் தனக்கிருந்த ஈடுபாட்டினால்தான் கன்னத்தில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் எண்ணம் வந்தது என்று 2018ஆம் ஆண்டு நேர்காணலில் கூறியிருக்கிறார். தென்னையில் ஏறி ஓடும் நம்மூர் அணிலுக்கு உண்மையான கன்னப்பை கிடையாது. ஹம்ஸ்டருக்கு உண்டு, அது நிறைந்தால் தோள்வரை புடைத்து நிற்கும். ஆகவே கன்னத்தில் ஒரு களஞ்சியம் என்பது கொறித்துண்ணிகளுக்கு அந்நியமானதன்று. அதில் தானியத்துக்குப் பதிலாக மின்னேற்றம் இருப்பதுதான் புதிது.

கேள்வி (அக்கரைப்பற்று, உயிரியல் பிரிவு மாணவர்): சேர், மின்விலாங்கு மின்சாரம் உண்டாக்குகிறது. அதே முறையில் பிகாச்சுவும் உண்டாக்கலாம்தானே?

பதில்: தம்பி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தென் அமெரிக்க மின்விலாங்கின் மின்னுறுப்பு, தசைக்கலங்களிலிருந்து மாறிய தட்டையான கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலமும் சோடியம் அயன்களைத் திடீரென உள்ளே விடும்போது ஏறத்தாழ 0.15 வோல்ற்று தோன்றுகிறது. ஆயிரக்கணக்கான கலங்கள் தொடராக அடுக்கப்பட்டிருப்பதால் அவை ஒன்றாகக் கூடுகின்றன. 2019இல் விவரிக்கப்பட்ட ஓர் இனத்தில் 860 வோல்ற்றுவரை அளந்திருக்கிறார்கள். அதற்காக அந்த மீன் தன் உடலின் ஐந்தில் நான்கு பங்கை மின்னுறுப்புக்குக் கொடுத்துவிட்டு, இதயத்தையும் குடலையும் தலைக்கு அருகில் நெருக்கி வைத்திருக்கிறது.

பிகாச்சுவின் பெயர்பெற்ற தாக்குதலுக்கு ஜப்பானிய மொழியில் இட்ட பெயரே ‘ஒரு இலட்சம் வோல்ற்று’ என்பதாகும். 0.15 வோல்ற்றுக் கலங்களைக் கொண்டு இதை எட்டுவதற்கு ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கலங்கள் வேண்டும். ஒரு கலத்தின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர் என்று கொண்டால், அந்த அடுக்கின் நீளம் 65 மீற்றரைத் தாண்டும். இரண்டு கன்னங்களுக்குள் அது அடங்காது. ஆனால் குறிப்புகளைக் கூர்ந்து படித்தால் வேறொரு வழி தெரிகிறது. தூங்கும்போது இரவில் கன்னப்பைகளில் மின்னேற்றம் சேர்கிறது என்றும், அரைத்தூக்கத்தில் எழும்போது அது சிலவேளை தானாகவே வெளியேறிவிடுகிறது என்றும் அவை சொல்கின்றன. இது மெல்ல மெல்ல ஏற்றிக் கணத்தில் இறக்கும் கொள்ளளவியின் நடத்தை. பிகாச்சுவின் குட்டிப் பருவமான பிச்சு, இடிமுகில் சூழ்ந்த நாளிலும் காற்று மிக உலர்ந்த நாளிலும் எளிதாக மின்னேற்றம் பெறும் என்ற குறிப்பு இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. ஈரக்காற்றில் நிலைமின் ஏற்றம் விரைவில் கசிந்துவிடும். நம் பகுதியில் வாழ்ந்தால் மாரியின் ஈரத்தில் பிச்சு சோர்ந்து, கச்சான் காற்று வீசும் மாதங்களில்தான் துள்ளித் திரியும்.

கேள்வி (வாழைச்சேனை, மீன்பிடித் தொழிலாளர்): ஐயா, மின்திருக்கை தண்ணீருக்குள்ளே தாக்குகிறது. இது காற்றில் எப்படித் தூரத்திலிருந்து தாக்கும்?

பதில்: தாக்காது. உப்பு நீரில் அயன்கள் நிறைந்திருப்பதால் மின்னோட்டம் எளிதாகப் பரவுகிறது, காற்றோ மின்னைக் கடத்தாத காவலி. உலர்ந்த காற்றை உடைத்துப் பொறி பாய, ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ற்று தேவை. அப்படியானால் ஒரு இலட்சம் வோல்ற்றுக்கு எட்டும் தூரம் ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றர்தான். மைதானத்தின் மறுபக்கம்வரை பாயும் மின்னலைக் காட்டும் காட்சிகளைவிட, தன்னைத் தொட்டவரை விறைக்கச் செய்யும் என்று விளையாட்டே அதற்குக் கொடுத்திருக்கும் இன்னொரு இயல்பு எனக்கு நம்பத்தக்கதாகத் தெரிகிறது.

கேள்வி (சம்மாந்துறை, விவசாயி): பிகாச்சுவின் வளர்ந்த உருவமான ரைச்சு யானையையே மயங்க வைக்குமென்று மகன் சொல்கிறான். உண்மையில் நடக்குமா?

பதில்: உங்கள் மகன் சொல்வது பழைய ஜப்பானியக் குறிப்பில் அப்படியே இருக்கிறது: ஒரு இலட்சம் வோல்ற்றை எட்டும் அதன் மின்சாரத்தைத் தெரியாமல் தொட்டால் இந்திய யானைகூட மயங்கும் என்பது அது. ஆனால் வோல்ற்றை மட்டும் பார்த்துத் தீங்கை மதிப்பிட முடியாது. வயற்கரையில் நிற்கும் யானைவேலியில் சில ஆயிரம் வோல்ற்று இருக்கிறது. ஆயினும் அது மிகச் சிறு கணங்களுக்கு மட்டும், துடிப்புத் துடிப்பாக, குறைந்த சக்தியோடு பாய்வதால் யானை வலியில் பின்வாங்குகிறதே தவிர இறப்பதில்லை. வீட்டு இணைப்பிலிருந்து களவாகக் கம்பி இழுத்தால் அங்கே 230 வோல்ற்றுதான். ஆனால் ஓட்டம் தொடர்ந்து பாய்ந்து இதயத்தின் ஒழுங்கைக் குலைத்துவிடுகிறது. அதில் யானையும் சாகிறது, இருட்டில் வரம்பால் நடந்து வரும் மனிதரும் சாகிறார். ரைச்சு ஒரு கணம் மட்டும் மின்சாரத்தை இறக்குவதாகக் கொண்டால், யானை மயங்குமா என்பதை அந்தக் கணத்தில் பாயும் ஓட்டத்தின் அளவே தீர்மானிக்கும்.

கேள்வி (காரைதீவு, தாய்): புதிய பொருள் எதைக் கண்டாலும் அது முதலில் மின்சாரம் பாய்ச்சுவது ஏன்? முரட்டுக் குணமா?

பதில்: முரடென்று நான் சொல்லமாட்டேன். காட்டில் கருகிய பழம் கிடந்தால், பிகாச்சு மின்சாரத்தின் அளவைப் பிழையாகக் கணித்ததற்கு அதுவே அடையாளம் என்கிறது குறிப்பு. ஆக, அது சோதித்துப் பார்க்கிறது. மின்விலாங்கிலும் இப்படியொரு பழக்கம் உண்டு. ஒளிந்திருக்கும் இரையை நோக்கி இரண்டு மூன்று துடிப்புகளை மட்டும் அனுப்பும். இரையின் தசை தன்னையறியாமல் துடிக்க, நீரசைவைக் கொண்டு அதன் இடத்தை அறிந்து முழுவேகத்தில் தாக்கும். கெனத் கட்டானியா என்ற ஆய்வாளர் இதை 2014இல் விளக்கினார்.

கேள்வி (செங்கலடி, மாடு வளர்ப்பவர்): வாலை நிமிர்த்தி மின்னலை வாங்குமாமே, அது தப்புமா?

பதில்: சுற்றுப்புறத்தை அறிய வாலை உயர்த்தும் என்றும், அந்நிலையில் சிலவேளை வாலில் மின்னல் விழும் என்றும் குறிப்பு உண்டு. ரைச்சுவின் நீண்ட வாலோ மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கி அதன் உடலைக் காக்கிறது. உருவாக்கியவர்கள் புவியிணைப்பை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விடயம். ஆனால் உண்மையான மின்னல் பல்லாயிரம் அம்பியர் ஓட்டமுடையது. அது மரத்தில் விழுந்து நிலத்தில் பரவும்போது மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே பெரும் அழுத்த வேறுபாடு தோன்றி, ஓட்டம் இதயத்தின் வழியே பாய்கிறது. மரத்தடியில் ஒதுங்கிய மாடுகள் கூட்டமாக இறப்பது இதனால்தான். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி முழங்கத் தொடங்கினால் மாட்டை மரத்தடியில் கட்டாதீர்கள், நீங்களும் நிற்காதீர்கள்.

கேள்வி (கல்லடி, தரம் 6 மாணவன்): சேர், அதன் வால் நுனி கறுப்புத்தானே?

பதில்: இல்லை, மகன். கறுப்பு, காது நுனியில்தான். வாலின் அடியில் மண்ணிறம், மற்றது மஞ்சள். 2006ஆம் ஆண்டு விளையாட்டிலிருந்து பெண் பிகாச்சுவின் வால் நுனி மட்டும் இதய வடிவில் வெட்டுப்பட்டிருக்கும்.

கேள்வி (கல்முனை, ஆசிரிய பயிலுநர்): விளையாட்டில் இடிக்கல் என்ற பொருளைக் கொடுத்தால் பிகாச்சு ரைச்சு ஆகிறது. இதைக் கூர்ப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

பதில்: சொல்லவேண்டாம். கூர்ப்பு, பல தலைமுறைகளில் ஒரு குடித்தொகைக்கு நிகழ்வது; இங்கே மாறுவது ஒரே உயிர். தவளையின் வாற்பேய் போல இது உருமாற்றம். வெளியிலிருந்து வரும் ஒரு பொருள் மாற்றத்தைத் தொடங்கிவைப்பதும் இயற்கையில் காணாததன்று: வாழ்நாள் முழுதும் நீரிலேயே குடம்பி உருவில் இருக்கும் அக்சலோட்டல் என்ற வாலுள்ள ஈரூடகப் பிராணிக்குத் தைரொயிட் ஓமோனைக் கொடுத்தால் பூக்களை (செவுள்களை) இழந்து தரைக்கு வரும் உருவாக மாறும். பிகாச்சுவில் இடிப்பது நிறைதான். ரைச்சு 30 கிலோகிராம். வாற்பேய் தவளையாகும்போது நிறை குறைகிறது. இங்கே கணப்பொழுதில் 24 கிலோ கூடுகிறது, எந்த அனுசேபத்தாலும் (உடலுக்குள் நடக்கும் வேதிமாற்றத்தாலும்) அதற்கு இழையம் கட்ட முடியாது.