பொண்ணு பி.ஆர்.ஓ. வேலைக்குப் போறேன்னு சொன்னா பயப்படாதீங்க அண்ணே

அண்ணே, நீங்க வாய்ஸ் மெசேஜ்ல கேட்டதுக்கு எழுதியே அனுப்புறேன், பொண்ணும் படிக்கட்டும். பி.ஆர்.ஓ.ன்னா, அதாவது அரசாங்க மக்கள் தொடர்பு அதிகாரின்னா, மந்திரி பின்னாடி கேமராவத் தூக்கிட்டு ஓடுற வேலைதான இது, பேசாம பி.எட். முடிச்சு டீச்சரா போகட்டுமேன்னு கேட்டிருந்தீங்க. பாதி உண்மைதான். மந்திரி வந்தா போட்டோ எடுக்கணும், ராத்திரி உக்காந்து செய்திக்குறிப்பு அடிச்சு எல்லா பேப்பருக்கும் அனுப்பணும், அதுல ஒரு பேரு விட்டுப்போச்சுன்னா விடிஞ்சதும் போன்ல திட்டு வாங்கணும். தீபாவளி பொங்கல்னு லீவு கேட்டாலும் கிடைக்கிறது கஷ்டம், கலெக்டர் எங்க போறாரோ அங்க போகணும்.

மீதிப் பாதியத்தான் உங்க பொண்ணு பாத்திருக்கா. நீங்க அணைக்குக் கீழ வண்டிப்பெரியாறுல இருக்கீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா? 2021 டிசம்பர்ல முல்லைப் பெரியாறு அணை ஷட்டர ராத்திரியில திறந்து, ஆத்தோரம் வீட்டுக்குள்ள தண்ணி வந்து, சனம் பிள்ளைகளத் தூக்கிட்டு ஓடுச்சே, பகல்ல திறங்க, முன்கூட்டியே சொல்லுங்கன்னு கேரள முதல்வர் தமிழ்நாட்டு முதல்வருக்கு லெட்டர் எழுதுற அளவுக்குப் போச்சு. அணை கேரளாவுல இருக்கு, இயக்குறது தமிழ்நாடு நீர்வளத்துறை, 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு 2014ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அந்தப் பக்கம் அணை உடைஞ்சிரும்னு பயம், இங்கிட்டு கூடலூர் கம்பத்துல தண்ணி கொறஞ்சிரும்னு பயம், ரெண்டு பயத்துக்கும் நடுவுல இன்னைக்கு நீர்மட்டம் எத்தன அடி, எத்தன கனஅடி திறக்குறாங்க, எந்த நேரத்துல எந்த ஊருக்கு வரும்னு சரியான நேரத்துல நம்புற மாதிரி சொல்ல ஒரு ஆளு வேணும்ல, அந்த ஆளு வேலைதாண்ணே இது. 2011 கடைசியில இந்த அணைப் பிரச்சனையில குமுளி ரோட்டுல நடந்த கலவரம் ஞாபகம் இருக்கும், அப்ப வதந்தி போன வேகத்துக்கு அரசாங்கத்து அறிவிப்பு ஓடவே இல்ல.

நம்பிக்கைங்கிறது நல்ல சேதி மட்டும் சொல்லி வர்றதில்ல. 2018ல கோழிக்கோடு, மலப்புரம் பக்கம் நிபா வைரஸ் காய்ச்சல் வந்து 17 பேர் செத்தாங்க, அப்ப சுகாதார மந்திரியா இருந்த ஷைலஜா டீச்சர் திரும்பத் திரும்ப பத்திரிகைக்காரங்கள கூப்பிட்டு எத்தன பேருக்கு உறுதியாச்சு, எத்தன பேர கண்காணிப்புல வச்சிருக்கோம்னு சொல்லிட்டே இருந்தாங்க. சாவு கணக்கயும் மறைக்கல. மறைச்சிருந்தா மறுநாள் சொல்ற நல்லதயும் யாரும் நம்பிருக்க மாட்டாங்க, வாட்சப் ஃபார்வேர்டுதான் டாக்டராயிருக்கும். "இன்னும் ரிசல்ட் வரல, சாயங்காலம் ஆறு மணிக்கு சொல்றோம்" னு சொல்லிட்டு ஆறு மணிக்கு கரெக்டா வந்து நிக்கணும், ரிசல்ட் வரலைன்னாலும் வந்து வரலைன்னு சொல்லணும். கேக்க ஈசியா இருக்கு, மேலதிகாரி "இப்ப எதுவும் பேச வேணாம்" னு சொல்றப்ப அவர ஒத்துக்க வைக்கிறதுலதான் பி.ஆர்.ஓ.வோட சாமர்த்தியமே இருக்கு.

இப்ப படிப்பு. எந்த டிகிரி எடுத்தாலும் ஓகே, ஆனா லோன் போட்டு பெரிய பிரைவேட் காலேஜ்ல விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சேக்காதீங்க, கேமராவ கத்துக்க மூணு வருஷம் வேணாம். பி.ஏ. பொலிட்டிக்ஸோ இங்கிலீஷோ பக்கத்து காலேஜ்லயே முடிக்கட்டும், அப்புறம் ஜர்னலிசம் படிக்கட்டும். மத்திய அரசோட ஜர்னலிசம் காலேஜ் டெல்லி ஐ.ஐ.எம்.சி., அதுக்கு கோட்டயத்துலயே ஒரு கேம்பஸ் இருக்கு, மலையாள ஜர்னலிசமும் இருக்கு. கொச்சி காக்கநாட்டுல கேரள மீடியா அகாடமி இருக்கு. சேர்க்கை விதி வருஷா வருஷம் மாறுது, அவங்கவங்க சைட்ல பாத்துட்டுதான் அப்ளை பண்ணணும், ஏஜென்ட் யாருக்கும் காசு குடுத்துறாதீங்க.

வேலைன்னா கேரளாவுல இன்ஃபர்மேஷன் அண்ட் பப்ளிக் ரிலேஷன்ஸ் துறை, அதுல அசிஸ்டன்ட் இன்ஃபர்மேஷன் ஆபீசர் மாதிரி போஸ்ட் கேரள பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) வழியா வரும். தமிழ்நாட்டுல செய்தி மக்கள் தொடர்புத் துறை, கலெக்டர் ஆபீஸ்லயே அவங்க ரூம் இருக்கும். பெரிய கனவுன்னா யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் எழுதி மத்திய அரசோட இந்தியன் இன்ஃபர்மேஷன் சர்வீஸுக்குப் போகலாம். ஒன்னு ஓப்பனா சொல்றேன், போஸ்ட் கம்மி, நோட்டிபிகேஷனும் அடிக்கடி வராது. நடுவுல காண்ட்ராக்ட் வேலை கிடைக்கும், கேரளாவுல ப்ரிசம்னு ஒரு பேனல் வச்சு சப் எடிட்டர், கன்டென்ட் எடிட்டர்லாம் எடுக்குறாங்க, பென்ஷன் கிடையாது, ஆனா கை பழகும், ரெண்டு வருஷத்துக்கு மேல அதுலயே உக்கார விடாதீங்க. கையோட பி.எஸ்.சி.யோட எல்.டி. கிளார்க் (லோயர் டிவிஷன் கிளார்க்) பரீட்சையும் எழுதட்டும், இடுக்கி, பாலக்காட்டுல தமிழும் மலையாளமும் தெரிஞ்சவங்களுக்குன்னே தனியா போஸ்ட் வருது, நம்ம பிள்ளைகளுக்கு அதுல போட்டி கம்மி.

ரெண்டு பாஷைதான்ணே அவ கையில இருக்க சொத்து. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969லயே தமிழ் பேசுறவங்க தமிழ்ல அரசாங்கத்துக்கு எழுதலாம்னு இருக்கு, ஆனா எஸ்டேட் தொழிலாளிங்க இருக்க லயத்து வீடுகள்ல எத்தன பேருக்கு அது தெரியும்? பஞ்சாயத்து நோட்டீஸ் மலையாளத்துல ஒட்டியிருக்கும், பாட்டிமாரு அத படிக்காமயே தாண்டிப் போவாங்க. 2020 ஆகஸ்ட்ல மூணாறு பக்கம் பெட்டிமுடி எஸ்டேட் லயத்துல மண்ணு சரிஞ்சு 70 பேர் போனப்ப கரன்ட் இல்ல, போன் டவர் இல்ல, ராத்திரி நடந்தது வெளிய தெரியவே மறுநாளாச்சு. அந்த மாதிரி எடத்துக்கு முன்னாடியே எந்த பாஷையில, யாரு மூலமா, டவர் போனா எப்படி சேதி சொல்றதுன்னு யோசிச்சு வைக்க அங்க வளந்த பிள்ளைய விட வேற யாரு இருக்கா சொல்லுங்க.

அவகிட்ட ஒரு வேலை குடுங்க. பஞ்சாயத்துல வர்ற ஒரு நோட்டீஸ எடுத்து தமிழ்ல அஞ்சு வரியில எழுதி, லயத்துல இருக்க யாராவது ஒரு அம்மாக்கு படிச்சுக் காட்டட்டும், என்ன புரிஞ்சுச்சுன்னு திருப்பிக் கேக்கட்டும். எந்தத் தேதி, எங்க போகணும், என்ன பேப்பர் கொண்டு போகணும், இந்த மூணும் அந்தம்மா வாயில வரலைன்னா திரும்ப எழுதட்டும். ஒரு மாசம் பண்ணட்டும், பிடிக்கலைன்னா நீங்க சொன்ன பி.எட். எங்கயும் ஓடிறாது.

அப்புறம் பதினெட்டு முடிஞ்சதும் கேரள பி.எஸ்.சி.யோட துளசிங்கிற ஆன்லைன் பதிவு சைட்ல ரெஜிஸ்டர் பண்ணிருங்க. அதுக்கு முன்னாடி ஆதார்லயும் எஸ்.எஸ்.எல்.சி. புக்குலயும் பேரு ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க, தமிழ்ப் பேர மலையாளத்துல எழுதி அங்கருந்து இங்கிலீஷுக்கு மாத்தினதுல நம்ம பக்கம் நெறைய பிள்ளைகளுக்கு ஒரு எழுத்து மாறிக் கிடக்கு, சர்டிபிகேட் சரிபார்க்குற அன்னைக்குப் போய் நின்னு முழிக்க வேணாம்.