படத்தில் புரியாத முகம் வீடியோவில் புரிவது ஏன்?

முகபாவம் பற்றி மலேசியாவின் சுங்கை சிப்புட் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, உளவியல் பாடம் நடத்தியவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, தங்கச்சி கல்யாண ஆல்பத்தில் தாரை வார்க்கும்போது அப்பா கோபமா இருக்கிற மாதிரி தெரியுது. வீடியோவில் பார்த்தா அழுகையை அடக்குறார். எப்படி?

பதில்: தம்பி, புருவம் சுருங்கி உதடு இறுகினால் கோபமாகவும் படும், அடக்கிய அழுகையாகவும் படும். அதற்கு முன் தாடை நடுங்கியதும், பிறகு அவர் எச்சில் விழுங்கியதும் படத்தில் இல்லையே! அசைவு மட்டுமே எவ்வளவு சொல்லும் என்று 1970களின் கடைசியில் ஜான் பாசிலி என்ற உளவியல் ஆய்வாளர் சோதித்தார். முகத்தில் கறுப்பு பூசி, மேலே வெள்ளைப் புள்ளிகள் வைத்து, புள்ளிகள் மட்டும் தெரியும்படி படமெடுத்தார். அசையாதபோது அது வெறும் புள்ளிக் கூட்டம். அசைந்ததும், அது முகம் என்பதோடு என்ன உணர்ச்சி என்பதையும் பார்த்தவர்கள் ஓரளவு சொல்லிவிட்டார்கள்.

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் பாலர் வகுப்பு எடுக்கிறேன். உணர்ச்சி அட்டைகளைச் சரியாகச் சொல்லும் பிள்ளை, பக்கத்துப் பிள்ளை வாடி நிற்பதைக் கவனிப்பதில்லை.

பதில்: அட்டையில் இருப்பது வாய் கொள்ளாத சிரிப்பு, பிதுங்கிய கண். அவ்வளவு அப்பட்டமான முகத்துக்கு அசைவு பெரிதாகத் தேவையில்லை, டீச்சர். நேரில் வருவதோ லேசான சாயல். 2005இல் அம்பதார், ஸ்கூலர், கோன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் லேசான முகபாவங்களை ஆராய்ந்தார்கள். அசையும்போது பார்த்தவர்கள் நன்றாகக் கண்டுபிடித்தார்கள். அதே படங்களை, ஒவ்வொன்றுக்கும் இடையில் திரையை மறைத்து மறைத்துக் காட்டினால் அந்தப் பலன் போய்விட்டது. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மட்டும் அடுத்தடுத்துக் காட்டினாலும் பலன் கிடைத்தது. ஆக, மாற்றம் கண்ணில் படுவதுதான் முக்கியம். சாதாரண முகத்திலிருந்து மெல்ல வாடும் முகத்தை நீங்களே செய்து காட்டி, "இப்ப என்ன மாறிச்சு?" என்று கேளுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீடியோ காலில் லைன் சிக்கும்போது முறைக்கிறான்மா.

பதில்: பேச்சின் நடுவில் உறைந்த முகம் அது. லைன் சரியானதும் பாருங்கள்.

கேள்வி: தாத்தாவுக்கு பார்க்கின்சன். பேரப்பிள்ளை ஓடி வந்தாலும் முகம் மாறுவதில்லை. பாசம் போயிடுச்சோன்னு பாட்டி அழுறாங்க.

பதில்: பாட்டியிடம் உடனே சொல்லுங்கள், பாசம் போகவில்லை. பார்க்கின்சன் நோயில், உடல் அசைவுக்கு உதவும் டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையில் குறைவதால் முகத்தசை தானாக அசைவது குறைகிறது. கண் சிமிட்டுவதும் குறையும். உள்ளே சந்தோஷம் இருந்தாலும் வெளியே வராது. பார்க்கிறவர்கள் அதைக் கோபம், சலிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். முகத்தை வைத்து முடிவு கட்டாமல், "தாத்தா, சந்தோஷமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள், பதிலுக்குக் கொஞ்சம் பொறுங்கள். பேச்சுப் பயிற்சியாளரிடமும் காட்டலாம். ஆனால் திடீரென்று முகத்தின் ஒரு பக்கம் மட்டும் தொங்கினால் அது வேறு. பக்கவாதமாக இருக்கலாம், உடனே 999க்கு அழையுங்கள்.

கேள்வி: பொய்ச் சிரிப்பை அசைவில் கண்டுபிடிக்கலாமா?

பதில்: மெல்ல விரியும் சிரிப்பை மக்கள் உண்மையென்று நம்புகிறார்கள், சட்டென்று தோன்றுவதைச் சந்தேகிக்கிறார்கள். அது பார்ப்பவரின் கணிப்பு. அதை மட்டும் வைத்து யாரையும் பொய்க்காரர் என்று சொல்லிவிடாதீர்கள்.