கூப்பிடாத ஃபங்ஷன் எப்படி ஓடுகிறது?

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடிக்கு ஆர்ம் கோர்டெக்ஸ்-எம் (சிறு கருவிகளுக்கான ப்ரொசெசர்) போர்டில் ஒரு கருவி செய்கிறேன். சென்சர் வயர் அறுந்தால் 'பிழை_நிறுத்து' என்ற ஃபங்ஷன் பட்டனை அழுத்தும்வரை காத்திருக்கும். அதை நோரிட்டர்ன் (திரும்பி வராத ஃபங்ஷன்) என்று ஹெடரில், அதாவது பொது அறிவிப்புக் கோப்பில், அறிவித்திருக்கிறேன். பட்டனை அழுத்தியதும் ஃபேன் தானாக ஓடுகிறது. சி நிரலை ப்ரொசெசர் கட்டளைகளாக்கும் ஜிசிசி கொம்பைலரில் பிழையா?"

பிழை ஜிசிசியில் இல்லை தம்பி. திரும்பி வராது என்று நீங்கள் சொன்னதைக் கொம்பைலர் அப்படியே நம்பிவிட்டது. சி மொழியின் சி11 பதிப்பு முதல் இருக்கும் இந்த அறிவிப்பை ஓடும்போது யாரும் சரிபார்ப்பதில்லை. திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மொழியிலும் உத்தரவாதம் கிடையாது.

கொம்பைலர் எழுதிய கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் போட்டு, பிழை_நிறுத்தைக் கூப்பிடும் ஃபங்ஷனின் கடைசி வரியைப் பாருங்கள். 'பிஎல் பிழை_நிறுத்து' என்று இருக்கும் (பிஎல் என்பது ஃபங்ஷனைக் கூப்பிடும் கட்டளை). அதன்பிறகு, கூப்பிட்ட இடத்துக்குத் திரும்ப வழக்கமாக வரும் 'பாப்' கட்டளை இருக்காது. தேவையில்லை என்று கொம்பைலர் எழுதாமலே விட்டுவிட்டது. அதற்கு அடுத்த முகவரியில் ஃபேனை ஓட்டும் 'ஃபேன்_போடு' ஃபங்ஷன் தொடங்குவதைக் காண்பீர்கள் என்று நினைக்கிறேன். பட்டனை அழுத்தியதும் லூப் முடிந்து, ப்ரொசெசர் திரும்பி வந்து நேரே அதற்குள் நுழைகிறது. அந்த இடத்தில் எண் மாறிலிகள் இருந்திருந்தால், ப்ரொசெசரே பிழை என்று பிடிக்கும் ஹார்ட்ஃபோல்ட் வந்திருக்கலாம். அதைவிட இது ஆபத்து, ஏனென்றால் பார்வைக்கு ஒழுங்காக ஓடுகிறது.

யார் கூப்பிட்டது என்று, திரும்பவேண்டிய முகவரியை வைத்திருக்கும் எல்ஆர் ரெஜிஸ்டரை லொக்கில் எழுதுகிறீர்களா? அதுவும் ஃபேன்_போடு என்றே காட்டும். கோர்டெக்ஸ்-எம் ஓட்டும் தம்ப் கோடில் அந்த எண்ணில் இரண்டைக் கழித்துத் தேடினால் சரியான ஃபங்ஷன் கிடைக்கும்.

சரி, ஜிசிசி ஏன் எச்சரிக்கவில்லை? பிழை_நிறுத்தை எழுதிய கோப்பில் அந்த ஹெடரைச் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள். சேர்த்துக் கொம்பைல் செய்யுங்கள். நோரிட்டர்ன் ஃபங்ஷன் திரும்புகிறது என்ற எச்சரிக்கை தனி ஒப்ஷன் எதுவும் கொடுக்காமலே வரும்.

அப்புறம், பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கவேண்டும் என்று முடிவு செய்யுங்கள். என் யோசனை: முதலில் ரிலேக்களை அணைத்துவிட்டுக் காத்திருங்கள், பட்டனை அழுத்தியதும் சிஸ்டம் ரீசெட் கொடுங்கள். அப்போது அது உண்மையிலேயே திரும்பாத ஃபங்ஷன். பழைய வேலையே தொடரவேண்டும் என்றால் நோரிட்டர்னை எடுத்துவிடுங்கள். நோரிட்டர்ன் போடுவதால் மிச்சமாவது சில பைட்டுகள்தான். கொழுந்து கருகினால் அன்றைய வேலை முழுவதும் போய்விடும்.